பழைய கடிதங்களுக்கு அரைப்பக்கம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில், அமெரிக்காவில் இருக்கும் ஜேர்மன் வம்சாவளிக்காரர்கள் தங்கள் பூட்டன் எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்தான் என்று தேடித் திரிவதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியவர் கடைசியில் ‘வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு’ என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிட்டார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை.

எனக்கு இதில் சொந்த விஷயம் ஒன்று இருக்கிறது. என் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்தில் இருக்கிறார்கள். கிறீன் கார்ட் லொத்தரில் பெயர் விழுந்து போனவர்கள். மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவள் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவிக்கு வயது 90ஐத் தாண்டிவிட்டது, காது மந்தம், நினைவு மட்டும் நேற்று நடந்த மாதிரி. கிழவியின் பாட்டி 1907இல் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவராம். மகள் இரவில் வேலை முடிந்து வட்ஸ்அப்பில் கோல் எடுக்கும்போது எனக்கு இங்கே பண்டாரவளையில் காலைத் தேத்தண்ணி நேரம், கிழவி அன்றைக்குச் சொன்ன கதை முழுக்க என் காதுக்கு வந்துவிடும். ஒருநாள் சொன்னாள்: “அப்பா, இவங்க பாட்டி பேசுறது ஜேர்மன், சாமி கும்பிடுறது ஜேர்மன், ஆனா இந்த ஊர்ல எல்லாரும் அவங்களை ரஷ்யாக்காரின்னுதான் கூப்பிட்டாங்களாம்.”

தேத்தண்ணி ஆறிப்போனது. என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்ட பகுதி இதுதான். ஜேர்மன்காரர்கள் என்றால் எல்லோரும் ஒரே கூட்டம் என்பது போல எழுதிவிட்டார். 1683இல் கிரெஃபெல்ட் ஊரிலிருந்து 13 குடும்பங்கள் பிலடெல்பியா பக்கம் வந்து ஜேர்மன்டவுன் என்ற ஊரை அமைத்தது, 1848 புரட்சி தோற்றதும் படித்தவர்கள் பலர் தப்பி வந்தது, 1820க்கும் முதலாம் உலகப்போருக்கும் இடையில் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்து இறங்கியது, இதெல்லாம் கட்டுரையில் ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறது. ரஷ்யா வழியாகப் போனவர்கள் இல்லை. அவர்களுடைய கதையைக் கேட்டால் மலையகத்தான் எவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

1763இல் ரஷ்யாவின் மகாராணி கத்தரீன் (அவரே பிறப்பால் ஜேர்மன்காரிதான்) ஒரு அறிவிப்பு விட்டார். வந்து குடியேறுங்கள், நிலம் தருகிறேன், கொஞ்ச வருஷத்துக்கு வரி இல்லை, உங்கள் சாமியை நீங்களே கும்பிடலாம், படைக்கு ஆள் எடுக்கமாட்டேன். போரிலும் வறுமையிலும் நொந்து கிடந்த ஜேர்மன் ஏழைகள் ஏறத்தாழ 30,000 பேர் கிளம்பிப் போய் வொல்கா ஆற்றங்கரையில், சராத்தோவ் நகருக்குப் பக்கத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களைப் போட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். பேச்சை விடவில்லை, பாட்டை விடவில்லை, ரஷ்யர்களோடு பெரிதாகக் கலக்கவும் இல்லை. அப்புறம் 1871இல் சலுகைகளெல்லாம் ரத்து. 1874இல் உன் பிள்ளையும் படைக்கு வரவேண்டும் என்று சட்டம். அதற்குப் பிறகுதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கன்சாஸ், நெப்ராஸ்கா, டக்கோட்டா என்று கிளம்பினார்கள். ரஷ்யாவில் இருந்த வரைக்கும் அவர்களை ஜேர்மன்காரன் என்றார்கள், அமெரிக்காவுக்குப் போனதும் ரஷ்யாக்காரன் என்றார்கள்.

சரி, இப்போது என் பெரியப்பாவுக்கு வருகிறேன். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இங்கிருந்த இந்திய வம்சாவளிக்காரர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைத் தேங்காய்ப் பாதி மாதிரி உடைத்துப் பங்கு போட்டார்கள்: 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார், என் அப்பா இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), ஒரே இஸ்தோப்பு (முன்திண்ணை), நடுவில் ஒரு மண் சுவர். 1972இல் பெரியப்பா குடும்பம் பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய்க் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தது. இங்கே இருந்தவரை அவர் பஸ்ஸிலும் கடையிலும் கேட்ட பேர் கள்ளத்தோணி, இந்தியாக்காரன். வேறு பக்கத்துத் தமிழ் வாயில் கேட்டது தோட்டக்காட்டான். (இதையும் சொல்லத்தான் வேண்டும், அச்சிட உங்களுக்குத் தயக்கம் இருந்தாலும்.) கோத்தகிரியில் போய் இறங்கினால் அங்கே சிலோன்காரன். அவருடைய மகன், பேரன் எல்லோருக்கும் இன்றைக்கும் அங்கே அதுதான் பேர்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவளும் சின்னப் பிள்ளையில் கேட்ட கதைதான், ஆனால் இந்த முறை அவள் போய்க் கிழவியிடம் சொல்லியிருக்கிறாள். கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, உங்க ஊர்ல பீட் வேலை உண்டா என்று கேட்டாராம்.

பீட் என்றால் சீனி எடுக்கும் பீட்ரூட். வொல்கா ஜேர்மன்காரர்கள் வந்து சேர்ந்தபோது நல்ல இலவச நிலமெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறுகிறவனுக்கு 160 ஏக்கர் கிடைத்தது என்பது முன்னால் போனவனுக்குத்தான் சரி, அந்த நிலமும் யாருடையது என்று பவ்னீ, ஓட்டோ பழங்குடிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பிந்தி வந்த வொல்காக்காரர்களுக்கு லிங்கனில் ரயில்வே வேலை, இல்லாவிட்டால் பீட் வேலை. வசந்தம் வந்ததும் குடும்பம் குடும்பமாகக் கோச்சியில் ஏறி மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஸ்கொட்ஸ்பிளஃப் பக்கம் போவார்கள், குளிர் தொடங்கிய பிறகுதான் திரும்புவார்கள். முளைத்த செடியை ஐதாக்குவதற்குக் குட்டைக் கைப்பிடி மண்வெட்டியோடு முழங்காலில் ஊர்ந்து போக வேண்டும். பிள்ளைகளுக்கும் நிரை உண்டு. அதனால் பள்ளிக்கூடம் பாதி வருஷம் போச்சு. கிழவியின் அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர். எங்கள் அம்மா இரண்டாம் வகுப்பு. கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கிறவளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக்கூடாது. அவர்கள் பீட் காட்டில் ஊர்ந்தது ஒரு தலைமுறை, மிஞ்சினால் ஒன்றரை. சேர்த்து வைத்து வீடு வாங்கினார்கள், காணி வாங்கினார்கள், பிரஜாவுரிமைக்கு எழுதினார்கள், கிடைத்தது. நாங்கள் 1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்தில் தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் தேயிலைக்கு மாறி, 2023இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தும் முடித்தாயிற்று, இன்னும் எத்தனை குடும்பம் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் இருக்கிறது என்று உங்கள் பத்திரிகையே வாராவாரம் எழுதுகிறது. ஆகவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு கதையிலும் ஒரே மாதிரி ஒரு இடம் இருக்கிறது, அதை மட்டும் சொல்லவருகிறேன்.

அதற்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி. மகள் ஒருநாள் படம் அனுப்பினாள், பார்த்தால் மாலுபாண். மீனுக்குப் பதிலாக அரைத்த மாட்டிறைச்சி, கோவா (முட்டைக்கோஸ்), வெங்காயம், சுற்றி ரொட்டி மாவு. நெப்ராஸ்காவில் ரன்சா என்கிறார்கள், கன்சாஸில் பியராக். வொல்காவிலிருந்து கொண்டுபோனது. இன்றைக்கு அந்த மாநிலத்தில் சந்திக்குச் சந்தி கடை போட்டு விற்கிறார்களாம். எங்கள் ரொட்டியும் மாசிச் சம்பலும் எப்போது அந்த உயரத்துக்குப் போகும் தெரியாது. இன்னொன்று, அவர்கள் கல்யாணத்தில் மணப்பெண்ணோடு ஆடுகிறவர் நோட்டை ஊசியால் அவளுடைய உடுப்பில் குத்திவிடுவாராம். எங்கள் மொய் எழுதும் நோட்டுப் புத்தகத்தைவிட அது வெளிப்படை, யார் எவ்வளவு என்று சபைக்கே தெரிந்துவிடும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எலிஸ் தீவில் இறங்கும்போது அதிகாரிகள் ஜேர்மன் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. அமெரிக்காவில் பல வீடுகளில் சொல்லும் கதைதான் அது, ஆனால் சரியில்லை. எலிஸ் தீவு திறந்ததே 1892இல். ஜேர்மன்காரர்கள் மிக அதிகமாக வந்தது 1882இல், ஒரே வருஷத்தில் இரண்டரை லட்சம் பேர், அவர்கள் நியூயோர்க்கில் இறங்கியது காஸில் கார்டன் என்ற இடத்தில். இரண்டாவது, தீவிலிருந்த அதிகாரி புதிதாக எதையும் எழுதவில்லை, கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதி வந்த பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். ஷ்மிட் ஸ்மித் ஆனதும், மூலர் மில்லர் ஆனதும், ஸிம்மர்மன் தன் பெயரை அப்படியே மொழிபெயர்த்துக் கார்ப்பென்டர் ஆனதும் பெரும்பாலும் பிறகு, ஊருக்குள், அவர்களாகவே செய்துகொண்டது அல்லது பக்கத்து வீட்டுக்காரன் வாயில் தேய்ந்தது.

பெயரை அதிகாரி மாற்றிய கதை வேண்டுமானால் எங்களிடம் வாருங்கள். எனக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பென்ஷன் புத்தகத்தில் மூன்றாவது பெயர். அப்பாவின் பெயரில் இருந்த ‘ழ’ எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி செக்ரோலில் (தோட்டத்துப் பேர்ப்பதிவுப் புத்தகம்) எழுதினார், அதைப் பார்த்து வேறு மொழிக்காரர் ஒருவர் பதிவில் எழுதினார், அதை இன்னொருவர் இங்கிலீசில் தட்டினார். நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு அலுவலகத்துக்குப் பதினோரு மாதம் நடந்தேன்.

ஒரு ஒற்றுமை மட்டும் கேட்டுச் சிரித்தேன். வொல்கா கிராமங்களில் ஒரே பெயர் ஏகப்பட்ட பேருக்கு, அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டப்பெயர் ஒன்று இருந்ததாம், அதைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். எங்கள் தோட்டத்தில் கட்டை முத்துசாமி, மேட்டுலயத்து முத்துசாமி, ரேடியோ முத்துசாமி என்று மூன்று பேர். ரேடியோ முத்துசாமியிடம் ரேடியோ இருந்ததே இல்லை.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். 1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜேர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. அதுவரைக்கும் ஜேர்மன் மொழி என்றால் அங்கே பெரிய மரியாதை: நூற்றுக்கணக்கில் பத்திரிகைகள், பள்ளிக்கூடங்கள், பாட்டுச் சங்கங்கள். அமெரிக்காவில் முதல் கிண்டர்கார்டனைத் தொடங்கியதே மார்கரெதே ஷுர்ஸ் என்ற ஜேர்மன் பெண்தான், 1856இல், விஸ்கான்சினில் வாட்டர்டவுன் என்ற ஊரில், ஜேர்மன் மொழியிலேயே. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ‘பிள்ளைகளின் தோட்டம்’. எங்களுக்குத் தெரிந்தது தோட்டத்துப் பிள்ளைகளும், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவமும்தான், அதை விடுங்கள். போர் வந்ததும் ஒரே வருஷத்தில் எல்லாம் தலைகீழ். தெருப் பெயரை மாற்றினார்கள், ஊறப்போட்ட கோவாவுக்குக்கூட ‘சுதந்திரக் கோவா’ என்று பேர் வைத்தார்கள். 1918 மே மாதம் அயோவா மாநில ஆளுநர் பொது இடத்திலும் கோச்சியிலும் டெலிபோனிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்கு ஒரு மாதம் முந்தி, ஏப்ரல் 5ஆம் திகதி, இலினோய் மாநிலத்துக் கொலின்ஸ்வில்லில் ரொபர்ட் பிரேகர் என்ற சுரங்கத் தொழிலாளியை உளவாளி என்று சொல்லி ஒரு கும்பல் மரத்தில் தூக்கிவிட்டது. தூக்குவதற்கு முன் அவர் கேட்டது ஜேர்மனியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று. எழுத விட்டார்கள். எனக்காக ஜெபம் செய்யுங்கள் என்று இரண்டு மூன்று வரி. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. 58, 77, 83 கலவரங்களைப் பார்த்த நமக்கு இதில் எதையும் அடிக்கோடிட வேண்டியதில்லை.

கிழவியின் பாட்டி அந்த வருஷம் வீட்டிலிருந்த ஜேர்மன் பைபிளை மாவு மூட்டைக்குள் புதைத்து வைத்தாராம். பைபிளின் முன்தாளில்தான் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் எழுதியிருந்தது. போர் முடிந்து வெளியே எடுத்தார், ஆனால் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பைபிள் இன்றைக்கும் கிழவியின் கட்டிலடியில் இருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. மொழி தெரிந்தாலும் அந்தக் காலத்துக் கையெழுத்தே வேறு, இன்றைய ஜேர்மன்காரனே தடுமாறுவானாம். மகள் கேட்டிருக்கிறாள், படிக்க முடியாததை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீங்க என்று. மாவு வாசம் இன்னும் இருக்கு, மோந்து பாரு என்றாராம். நூறு வருஷத்துக்கு மேல் எப்படி வாசம் இருக்கும்? மகள் மோந்து பார்த்துவிட்டு, ஆமா இருக்கு என்று சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளை.

வாத்தியார் என்பதால் இன்னொருவரையும் சொல்லாமல் விடமுடியாது. 1919இல் நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரைக்கும் வேற்றுமொழி படிப்பிக்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஹாம்ப்டன் என்ற சின்ன ஊரில் ரொபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையனுக்கு ஜேர்மனில் பைபிள் கதை வாசிப்பித்தார். அதிகாரி வாசலுக்கு வந்ததைப் பார்த்தார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் விஷயம் முடிந்தது, அவர் மாறவில்லை. 25 டொலர் அபராதம். அவர் மேல்முறையீடு செய்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1923இல் வென்றார். நான் 32 வருஷம் படிப்பித்தவன், அதிகாரி வாசலில் நின்றால் என் குரல் தானாகவே மாறிவிடும். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

இங்கே தியத்தலாவையும் இந்தக் கதையில் ஒரு மூலையில் வருகிறது. இரண்டு உலகப்போரிலும் வெள்ளைக்கார அரசாங்கம் இலங்கையிலிருந்த ஜேர்மன்காரர்களைப் பிடித்து அங்கேதான் முகாமில் அடைத்தது. ஞானதிலோக என்ற ஜேர்மன் பிக்குவை இரண்டு போரிலும் அங்கே வைத்திருந்தார்கள். என் அப்பா அப்போது இருபது வயசுப் பொடியன், முகாமுக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறியில் கூலிக்குப் போனவர். முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தோல்காரர்கள் நிற்பதைப் பார்த்து, தொரைமாரையே பிடிச்சு அடைச்சிட்டாங்களா என்று பயந்துபோய் லொறியை விட்டு இறங்கவே இல்லையாம். சாகும்வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவின் பயத்துக்கு வேறொரு பக்கமும் இருந்தது, அது காகிதப் பயம். அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, அதைவிட அதிகம். அப்பாயி காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது, கடன் தீர்ந்தது என்று தோட்டம் எழுதிக்கொடுத்தால்தான் அடுத்த தோட்டத்தில் சேர்ப்பார்கள். 1921இல் அந்த முறையை ஒழித்துவிட்டார்கள், அப்பாயியின் நெஞ்சிலிருந்து அது போகவில்லை. அதற்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு 1948 சட்டம், 1949 சட்டம், எத்தனை வருஷம் இருந்தாய் என்று காட்டு, இடையில் ஊருக்குப் போனாயா என்று காட்டு. காட்டினார்கள், பெரும்பாலான விண்ணப்பம் திரும்பி வந்தது. காகிதம் என்றாலே யாரோ ஒருவன் கேட்பான், நாம் பயந்து பயந்து நீட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் சனத்துக்குப் பழக்கம். நமக்காக, நம் ஞாபகத்துக்காக ஒரு காகிதத்தை வைத்திருப்பது என்ற எண்ணமே வரவில்லை. பிறப்புச் சான்றிதழை லமினேட் பண்ணி வைத்திருப்போம், கடிதத்தை அடுப்பில் போடுவோம். பெரியப்பாவிடமிருந்து பத்து வருஷத்தில் நாற்பதுக்கும் மேலே நீலக் கடிதம் வந்தது. என்னிடம் மிச்சம் ஏழு. ஈரவிறகு பற்றாத நாட்களில் அம்மா எடுத்திருக்கிறாள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தோட்டங்களில் இருந்ததும் அப்படியே. 72, 75இல் அரசாங்கம் எடுத்தபோதும், 92இல் கம்பனிகள் கைக்குப் போனபோதும் பழைய செக்ரோல் புத்தகங்கள் எத்தனை வெளியே வீசப்பட்டன என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்த ஒரு ஸ்டோரில் கறையான் தின்றது போக முதுகு மட்டைகள் மட்டும் இருந்தன. ஜேர்மனியிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். ஹம்பர்க் துறைமுகத்தில் 1850இலிருந்து 1934 வரைக்குமான கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன, பிரேமன் துறைமுகத்திலோ வைக்க இடமில்லை என்று பல வருஷப் பட்டியலை அதிகாரிகளே அழித்துவிட்டார்கள், மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் போனது. ஆகவே அரசாங்கம் வைத்திருக்கும் என்று நம்பி இருந்தவன் இரண்டு இடத்திலும் ஏமாந்தான். 2020 அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ நாலரைக் கோடிப் பேர் ஜேர்மன் வழி என்று எழுதினார்கள் என்றால், அவர்களில் பலருக்கு அதற்கு ஆதாரம் கட்டிலடியில் கிடக்கும் ஒரு பைபிளோ ஒரு கட்டுக் கடிதமோதான்.

கடைசியாக, உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் செய்த ஒரு காரியம். நெப்ராஸ்காவில், லிங்கனிலும் ஒமாஹாவிலும், வொல்கா ஜேர்மன்காரர்களுக்கென்று ஜேர்மன் மொழியில் ‘வெல்ட் போஸ்ட்’ என்று ஒரு பத்திரிகை வந்தது. ரஷ்யாவில் தங்கிவிட்ட உறவினர்கள் எழுதும் கடிதங்களை அதில் அப்படியே அச்சடிப்பார்கள். எழுதுகிறவனுக்கு இங்கே அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது, பத்திரிகையில் வந்தால் எவனாவது பார்த்துச் சொல்வான். 1921இல் வொல்காவில் பஞ்சம் வந்தது. புல்லைத் தின்கிறோம், அப்பா செத்துப்போனார், இன்னார் வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை, இப்படிக் கடிதங்கள். 10 டொலர் கட்டினால் அமெரிக்க நிவாரணக்காரர்கள் ஒரு உணவுப் பொதியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், பீட் காட்டில் ஊர்ந்து சம்பாதித்தவர்கள் கட்டினார்கள். பிறகு 1941 ஓகஸ்ட் 28ஆம் திகதி உத்தரவு வந்தது, வொல்காவில் இருந்த ஜேர்மன்காரர் அத்தனை பேரையும் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து தேடுவது இந்தக் கடிதங்களைத்தான். இதற்கு உங்கள் கட்டுரையாளர் வைத்த பேர் பொழுதுபோக்கு.

நான் கேட்பது சின்ன விஷயம். வாரத்துக்கு ஒரு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். மலையகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் 1984இல் கப்பல் நிற்கும் வரைக்கும் போய்வந்த கடிதங்கள், அதற்குப் பிறகு வந்தவையும்கூட, யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பிரதி அனுப்பட்டும், நீங்கள் போடுங்கள். கவிதையாக்கவோ கட்டுரையாக்கவோ வேண்டாம். மூலத்தை வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம், எங்கள் ஆட்கள் மூலத்தைக் கொடுக்கப் பயப்படுவார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன். உள்ளே வரும் ஊர், தோட்டம், டிவிசன் பெயர்களை மட்டும் எழுதியவர் எழுதியபடியே விடுங்கள். துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று அப்பாயி சொன்னதைத் தவிர எங்கள் ஊர்ப் பேர் எனக்கே தெரியாது, யாருடைய கடிதத்திலாவது அது கிடக்கலாம்.

யாராவது தொடங்க வேண்டுமே என்று பெரியப்பாவின் ஏழு கடிதங்களில் ஒன்றின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். 1974 மே மாதம் எழுதியது. அந்த வருஷம் இங்கே தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் என்ன பாடு பட்டோம் என்று வயதானவர்களுக்குத் தெரியும். கோத்தகிரிக்குச் செய்தி போயிருக்கிறது. அம்மா சாப்பிடுகிறாளா, உண்மையை எழுது தம்பி, என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறார். அப்பா எல்லோரும் நல்ல சுகம் என்று பதில் எழுதினார், என் கையால்தான் எழுதவைத்தார், அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அப்பாயி அந்த ஆவணியில் போய்விட்டார்.

பெரியப்பா மூன்றாம் வகுப்பு. சோறு என்பதை ‘சோரு’ என்றுதான் எழுதுவார். தயவுசெய்து திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பண்டாரவளை.